அணையாத சர்வருக்கு ஒரு நாள் விடுமுறை

1

விஸ்வகர்மா பூஜை, அதாவது இந்த ஊர் ஆயுத பூஜை, வந்துவிட்டால் நான் இந்தத் தீவுக்கு வந்து இன்னொரு வருடம் முடிந்துவிட்டது என்று பொருள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதே பூஜை நாளில்தான் சென்னைக் கப்பல் எங்களைப் போர்ட் பிளேரில் இறக்கிவிட்டது. ஜெட்டிக்கு வெளியே நின்ற லாரிகளையெல்லாம் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். ஒன்றுகூட நகரவில்லை. இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையோடு மனைவி மாலதி நிற்க, பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் நான் நின்றேன். "ஆஜ் காடி கா சுட்டி" என்றார் ஒரு டிரைவர். வண்டிக்கு இன்றைக்கு விடுமுறையாம். ஆட்களுக்கு விடுமுறை இல்லாத நாளில் வண்டிக்கு விடுமுறை விடுகிற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சாத்தூரில் என் உறவுக்காரர்கள் என்னை இன்றைக்கும் 'ஃபாரின்ல இருக்கான்' என்றுதான் சொல்கிறார்கள். கடலைத் தாண்டிவிட்டால் ஃபாரின்தான், பாஸ்போர்ட் வேண்டுமா வேண்டாமா என்பது அப்புறம். அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர், "அங்க நம்ம ரூவா செல்லுமா?" என்று கேட்டார். செல்லும், சாத்தூரைவிட வேகமாகவே செல்லும் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கினார்.

இங்கே கதை நேர் எதிர். தீவுக்காரர்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாமே 'மெயின்லேண்ட்'. சாத்தூரும் டெல்லியும் அவர்களுக்கு ஒரே ஊர். லீவுக்கு ஊருக்குப் போகிறேன் என்றால், "மெயின்லேண்ட்ல எங்க சித்தப்பா பையன் இருக்கான், பார்த்தா கேட்டதாச் சொல்லுங்க" என்பார்கள்.

2

மாலதிக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. மூன்றே வருடம், அப்புறம் மாற்றல் வந்துவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த மூன்று வருடம் இன்னும் முடியவில்லை. நான் சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவன். இங்கே வந்து ஆறு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு, தனியார் பஸ் முதலாளிகள் சங்கத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அபர்டீன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். டிக்கெட் பதிவு செய்யும் வெப்சைட்டை முன்பு கவனித்துக்கொண்டிருந்தவர் பத்து நாள் லீவில் விசாகப்பட்டினம் போய், வராமலே இருந்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். எந்த மொழியில் எழுதுவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்ததுதான் மிச்சக் கதையெல்லாம்.

எனக்கு லிஸ்ப் என்ற மொழி மேல் கல்லூரிக் காலத்திலிருந்தே ஒரு பைத்தியம். கம்ப்யூட்டர் மொழிகளில் அது ரொம்ப மூத்தது. எழுத்தைவிட அடைப்புக்குறிதான் அதிகம் இருக்கும். ஒரு வாக்கியத்தை முடிக்க ஏழெட்டு அடைப்புக்குறிகளை வரிசையாக மூட வேண்டிவரும். என் மகள் கயல் முதன்முதலில் அதைப் பார்த்துவிட்டு, "மீன் கழுவுன எடத்துல செதில் கெடக்குற மாதிரி இருக்குப்பா" என்றாள். சென்னைக் கம்பெனியில் நான் லிஸ்ப் என்று வாயைத் திறந்தாலே மேலாளர் டீ குடிக்கப் போய்விடுவார். வாழ்நாள் முழுக்க யாரும் ஒத்துக்கொள்ளாத கல்யாணம் தீவுக்கு ஓடிவந்தால் நடக்கும் இல்லையா, அப்படி இங்கே வந்து நடந்தது. பஸ் டிக்கெட் சர்வரை முழுக்க லிஸ்ப்பிலேயே எழுதினேன்.

அதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். மற்ற மொழிகளில் எழுதிய சர்வரில் ஒரு விதியை மாற்ற வேண்டுமென்றால், கோப்பில் திருத்தி, சர்வரை நிறுத்தி, மறுபடி ஓட விடவேண்டும். லிஸ்ப்பில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு உள்ளேயே போய் உட்கார்ந்து பேசலாம். 'இனிமேல் இந்த வேலையை இப்படிச் செய்' என்று ஒரு வரி தட்டினால் அடுத்து வரும் பயணிக்கே புது விதி. ஓடுகிற பஸ்ஸில் டயர் மாற்றுகிற மாதிரி. ஆறு வருடமாக என் சர்வர் ஒரு தடவைகூட அணையவில்லை. அந்தப் பெருமையை இரண்டு பேட்டரியும் ஒரு ஜெனரேட்டரும் வைத்துக் காப்பாற்றினேன். இந்தத் தீவில் மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்து போகும் என்பதைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும். புரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

3

ஆறு வருடத்தில் யார் என்ன கேட்டாலும் செய்து கொடுத்தேன். பெரார்கஞ்ச்சிலிருந்து ஒருவர் கோழிக்குஞ்சுப் பெட்டிக்கும் ஒரு சீட்டு வேண்டும், ஆனால் அதைப் பயணியாகக் கணக்கெடுக்கக் கூடாது என்றார். ஆகட்டும் என்றேன். தேனிலவுக்கு வரும் மெயின்லேண்ட் ஜோடிகள் எல்லாரும் கடல் தெரியும் ஜன்னல் கேட்டார்கள். வழி பெரும்பாலும் காட்டுக்குள் போகிறது, கடல் எங்கோ இருக்கிறது. இருந்தாலும் 'கடல் பக்கம்' என்று ஒரு வரிசையை அறிவித்தேன். அவர்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். தலைநகர் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியபோது மற்ற இடங்களிலெல்லாம் போர்டு எழுதக் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. நான் டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டேன். ஆட்டோக்காரர்கள் இன்னும் மாற்றவில்லை, நானும் இந்தக் குறிப்பில் மாற்றவில்லை, பழக்கதோஷம்.

இங்கே ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மாற்றங்களையெல்லாம் நான் ஓடுகிற சர்வருக்குள் வாய்வார்த்தை மாதிரி சொன்னேனே தவிர, ஒன்றைக்கூடக் கோப்பில் எழுதி வைக்கவில்லை. நாளைக்கு எழுதலாம், ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று ஆறு வருடம் ஓடியது. லிஸ்ப்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. மற்றவர்களுக்கு இந்தத் தப்பைச் செய்ய வசதி கிடையாது. ஓடுகிற சர்வரை அப்படியே மொத்தமாகச் சேமிக்கவும் ஒரு கட்டளை உண்டு. நான் வைத்திருந்த லிஸ்ப்பில் அதன் பெயருக்கே 'சேமித்துவிட்டுச் செத்துப்போ' என்றுதான் அர்த்தம். சேமித்த கையோடு சர்வர் நின்றுவிடும். அணையாத சர்வர் என்ற பட்டம் போய்விடுமே என்று அதையும் செய்யவில்லை.

இடையில் தணிக்கைக்காகப் புரோகிராமை அச்செடுத்துத் தரச்சொல்லிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய கோப்பையே அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பக்கங்களை எண்ணிப் பார்த்துச் 'சரி' என்று முத்திரை குத்தினார்கள்.

இப்படிச் சொன்ன விதிகளில் ஒன்று மட்டும் எனக்கு உண்மையிலேயே நெஞ்சுக்கு நெருக்கமானது. மாயாபந்தர் பஜாரில் காய்கறி விற்கும் செல்வி அக்காவுக்குப் போன வருடம் மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி, மொத்தம் பதினேழு. ஊசி போட மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்கு வரவேண்டும். விடியுமுன் ஏறி, காட்டுப் பாதையில் போலீஸ் காவலோடு வண்டிகளை வரிசையாக விடும் கான்வாய்க்குக் காத்திருந்து, வந்து சேர்வதற்குள் ஒரு பகல் போய்விடும். மறுநாள் அதே வழியில் திரும்ப வேண்டும். முதல் ஊசிக்கு வந்து போனதும் அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம்.

"தம்பி, வாந்தி வந்தா எறங்குறதுக்கு வாகா கதவுகிட்ட ஒரு சீட்டு கெடைக்குமா? டிக்கெட்டுக்குக் காசு குடுத்துருவேன், பிரீயா வேணாம்."

படிவத்தில் நோயாளிக்கு என்று கட்டம் கிடையாது. கட்டம் சேர்க்கச் சங்கம் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நான் போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு சர்வருக்குள் ஒரு வரி தட்டினேன். முதல் ஊசித் தேதியிலிருந்து இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை, போகவும் மறுநாள் திரும்பவும், கதவுக்குப் பக்கத்து இரண்டாம் நம்பர் சீட்டு அவர் பெயருக்கு. "இனி நீங்க கேக்கவே வேண்டாம் அக்கா, சீட்டு தானா நிக்கும்" என்றேன். அதற்கப்புறம் ஒரு வருடம், யார் லிஸ்ப்பைக் கிண்டல் செய்தாலும் இந்தச் சீட்டைத்தான் சொல்லி வாயை அடைப்பேன். மாலதிக்கு இந்தக் கதை மனப்பாடம்.

4

ஹல்தார் பாபு எங்கள் அலுவலக உதவியாளர். மாயாபந்தர் பக்கம் குடியேறிய வங்காளிக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைச் 'சாப்' என்றுதான் கூப்பிடுவார், எவ்வளவு சொல்லியும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு விஸ்வகர்மா பூஜைக்கும் அலுவலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துப் பூப்போடுவார். பிரிண்டர், மின்விசிறி, தண்ணீர் மோட்டார், ஸ்டேப்ளர்கூட. நானும் ஒவ்வொரு வருடமும் காலையிலேயே வந்து சர்வர் முன்னால் காவல் நிற்பேன்.

"சாப், பேசாரா சே சால் சே ஜாக் ரஹா ஹை" என்பார். ஆறு வருடமாகத் தூங்காமல் விழித்திருக்கிறதாம், பாவம். அது விழித்திருப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் என்பேன். கடைசியில் ஓடுகிற சர்வருக்கே பொட்டு வைத்துவிட்டு, தெய்வக்குற்றம் என்று முனகியபடி போவார்.

இந்த வருடம் காவல் நிற்க முடியவில்லை. அன்றைக்குக் காலை கயலின் பள்ளியில் வரச்சொல்லிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் தமிழை விட்டுவிட்டு ஹிந்தி எடுக்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். படிவத்தைப் பார்த்தால் 'தாய்மொழி' என்ற கட்டத்திலும் ஹிந்தி என்று எழுதியிருந்தாள்.

"இது யாருடி உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. கனவுல நான் ஹிந்திலதான் பேசுறேன். மம்மியே கேட்டுருக்கா."

"இந்தப் பாரத்துல கனவுக்குக் கட்டம் இல்லம்மா."

வகுப்பாசிரியை நடுவில் புகுந்து, சார், இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார். ஒரு மணி நேரம் வாதாடினேன். கயல் கூச்சத்தில் நெளிந்தாள். எனக்குத் தமிழ்மேல் உள்ள பற்றைவிட, சாத்தூரில் அண்ணன் என்ன சொல்வான் என்ற பயம்தான் அதிகம் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். கடைசியில் ஒரு சமரசம். தாய்மொழி தமிழ் என்று அடித்துத் திருத்தினேன். தமிழை விடுகிறோம் என்பதற்கும் அதே தாளில் அதே பேனாவால் கையெழுத்துப் போட்டேன்.

அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மாடிப்படி ஏறும்போதே சாம்பிராணி வாசனை. சர்வர் அறை சுத்தமாக, குளிர்ச்சியாக, மௌனமாக இருந்தது. அந்த அறையில் ஆறு வருடத்தில் நான் கேட்காத மௌனம். சர்வருக்குச் சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். பேட்டரிகளுக்குத் தனித்தனியாக மாலை. முன்னால் தட்டில் வாழைப்பழமும் லட்டும். ஹல்தார் பாபு குளித்து வேட்டி கட்டிக் கைகூப்பி நின்றார்.

"ஆஜ் சோ கயா, சாப்" என்றார் மெதுவாக. தூங்கிவிட்டதாம். குழந்தையைத் தூங்கவைத்த தாயின் திருப்தி அவர் முகத்தில் இருந்தது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன், அவர் அதில் ஒரு லட்டை வைத்தார்.

5

மாலையைக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். சர்வர் எழுந்தது. எழுந்து, ஆறு வருடத்துக்கு முந்தைய உலகத்தைப் பார்த்தது.

ஊருக்குப் பழைய பெயர் திரும்பியது. இரும்புக்கடைக்குப் போன இரண்டு பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கின, அவற்றுக்கு டிக்கெட்டும் விற்றது. கோழிக்குஞ்சுகள் முழுப் பயணிகளாயின, அவற்றுக்கு வயதும் கேட்கப்பட்டது. தேனிலவு ஜோடிகளின் 'கடல் பக்கம்' காணாமல் போய், அங்கே யார் யாரோ உட்கார்ந்தார்கள். போன் அடிக்கத் தொடங்கியது, நிற்கவில்லை, வாசலில் கூட்டமும் சேர்ந்தது. நான் என்னவென்று சொல்வது? உங்கள் விதியெல்லாம் சர்வரின் ஞாபகத்தில் இருந்தது, அது தூங்கப் போனபோது மறந்துவிட்டது என்றா?

உண்மையைச் சொன்னால், சர்வர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான். போன தடவை சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கு வழி சொல்லும்போது சினிமாக் கொட்டகைக்கு எதிரில் என்றேன். அந்தக் கொட்டகையை இடித்துக் கல்யாண மண்டபமாக்கிப் பல வருடமாகிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். நான் ஊருக்கு வழி சொன்னேனா, அவர் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மதியம் பள்ளி விட்டு நேராக அலுவலகம் வந்த கயல் கூட்டத்தையும் போனையும் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"சேவ் பண்ணலையாப்பா?"

"பண்ணல."

"ஆறு வருஷமாவா? எங்களுக்கு மூணாம் கிளாஸ்லயே ஃபர்ஸ்ட் டே அதத்தானே சொல்லித் தந்தாங்க."

அவள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் வரும் புகார்களை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தாள், ஹிந்தியில். நான் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினேன், இந்தத் தடவை கோப்பில்.

நாலு மணி வாக்கில்தான் செல்வி அக்கா ஞாபகம் வந்தது. அவர் போன் செய்யவில்லை. செய்ய மாட்டார், சீட்டு தானாக நிற்கும் என்று நான்தானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் ஊசித் தேதி பழைய குறுஞ்செய்தியில் இருந்தது. சுவர்க் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு இருபத்தொன்று இருபத்தொன்றாக எண்ணினேன். கயல் பக்கத்தில் 'இக்கீஸ், இக்கீஸ்' என்று சேர்ந்து எண்ணினாள். எத்தனையாவது ஊசி என்று பார்க்கத் தோன்றவில்லை, எண்ணிக்கை மறுநாள் காலையில் வந்து நின்றது.

மாயாபந்தரிலிருந்து மறுநாள் காலை கிளம்பும் பஸ்ஸின் பட்டியலைத் திறந்தேன். நிறைந்துவிட்டது. இரண்டாம் நம்பர் சீட்டு மதியம் விற்றிருந்தது. உடம்பில் தெம்பில்லாத ஒரு பெண் இருட்டில் வந்து பஸ் வாசலில் நிற்பதும், இடமில்லை என்று சொல்லப்படுவதும், ஊசி தவறிப் போவதும் என் கண்ணில் வரிசையாக ஓடின.

சீட்டை வாங்கியவர் பெயருக்கு நேராக, சங்கத்துச் செயலாளரின் மச்சான் என்று குறிப்பு இருந்தது.

6

செயலாளர் முருகேசன் தேவகோட்டைக்காரர். முப்பது வருடத்துக்கு முன் கான்டிராக்ட் வேலைக்கு வந்து இங்கேயே தங்கி மூன்று பஸ் வாங்கியவர். பொல்லாத மனிதர் அல்ல. அடைப்புக்குறிகள்தான் அவருக்கு ஆகாது. மெயின்லேண்டிலிருந்து ஒரு ரெடிமேட் டிக்கெட் சர்வர் வாங்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் செல்வி அக்காவின் சீட்டைக் காட்டியே அதைத் தடுத்து வைத்திருந்தேன். அவர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"லிஸ்டுல அந்தம்மா பேரு இருக்காப்பா?"

"காலைல வரைக்கும் இருந்துச்சுண்ணே."

"எங்க இருந்துச்சு?"

"சர்வரோட ஞாபகத்துல."

"ஞாபகத்துக்கெல்லாம் நான் எப்படிப்பா சீட்டு குடுக்குறது? மத்லப், அதாவது, ரெக்கார்டுல என்ன இருக்கு?"

அவர் அலமாரியைத் திறந்து, நான் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அச்சுக் கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். புரட்டிப் பார்க்கச் சொன்னார். அதில் செல்வி அக்கா இல்லை, கோழிக்குஞ்சு இல்லை, ஆறு வருடம் இல்லை. என் கையெழுத்து மட்டும் இருந்தது, நல்ல தெளிவாக.

"இது நீயே எழுதிக் குடுத்ததுதானே. இன்னிக்குப் பூஜைக்கு அணைச்சதுக்கே இப்படின்னா, நாளைக்கு உன் வீட்டம்மாவுக்கு மாற்றல் வந்து நீயும் போயிட்டா நான் என்னப்பா பண்ணுவேன்? இந்த பிராக்கெட்ட வாசிக்க இந்தத் தீவுல வேற ஆளு உண்டா?"

இல்லை. அதுதான் நான் ஆறு வருடமாக அனுபவித்த சுகம். அவர் குரலை உயர்த்தவில்லை, நியாயத்தைத்தான் பேசினார், அதனால் எனக்கு இன்னும் எரிந்தது.

"அண்ணே, அதெல்லாம் அப்புறம். நாளைக்கு அந்தச் சீட்டு மட்டும் வேணும். அது கேன்சர் பேஷண்ட்."

அவர் மேஜை டிராயரிலிருந்து ஏற்கெனவே தட்டெழுதி வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். தற்போதைய சர்வர் சங்கத்தின் தேவைக்குப் பொருத்தமானதல்ல, புதியது வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று என் பெயரில் எழுதியிருந்தது. இரண்டு வருடமாக டிராயரில் கிடந்து ஓரம் பழுத்த தாள்.

"நீ இதுல கையெழுத்துப் போடு. மச்சான இன்ஜின் பெட்டி மேல உக்காரச் சொல்றேன். சூட்டுல வெந்துதான் வருவான், ஒரு நாள்தானே, நான் சமாளிச்சுக்கிறேன்."

போட்டேன். காலையில் தமிழை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து, மாலையில் லிஸ்ப்பை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து. ஒரே பேனா. ஒரு மனிதன் தன் இரண்டு மொழிகளையும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்தால் அதற்கு இந்தத் தீவில் ஏதாவது சலுகை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் வெளியே வந்தபோது மனம் நிறைவாக இருந்தது. ஆறு வருட உழைப்பு போனால் போகட்டும், ஒரு சீட்டு நின்றது என்று நினைத்துக்கொண்டேன். என் தியாகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. கயலிடம் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை.

7

வீட்டுக்குக் கிளம்புமுன் செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன். மாயாபந்தர் பஜார் இரைச்சல் கேட்டது. யாரோ வெண்டைக்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, பஸ் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். இன்னிக்கு இங்க ஒரு கோளாறு. ஆனா நீங்க கவலையே பட வேண்டாம். நாளைக்கு உங்க ரெண்டாம் நம்பர் சீட்டு பத்திரம்."

"அரே தம்பி, நீயா. நாளைக்கா? நாளைக்கு எனக்கு எதுக்குத் தம்பி சீட்டு? நான் போன வாரமே போயிட்டு வந்துட்டேனே. அதுதான் பதினேழாவது. முடிஞ்சு போச்சு. இனிமே ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து காமிச்சாப் போதும்னுட்டாரு டாக்டரு."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். ஆனால் காலண்டர் இன்னும் என் மேஜை மேல் கிடந்தது.

"போன வாரமாக்கா? என் கணக்குல நாளைக்குத்தானே வருது?"

"டிசம்பர்ல புயல்னு பஸ்ஸெல்லாம் நிறுத்திப்புட்டாங்கல்ல. அப்ப ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு. அதுக்கப்பறம் அந்தக் கணக்குலதான் போறேன்."

அதற்கு முன் என் சீட்டில் அவர் வந்தது மூன்று தடவை. மனக்கணக்குப் போட எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அப்புறம் பதின்மூன்று தடவை. பதின்மூன்று தடவையும் என் சர்வர் தவறாமல் வேறொரு நாளில் அவருக்குச் சீட்டுப் பிடித்து வைத்திருக்கிறது. அதை நானும் தவறாமல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப எந்தச் சீட்டுலக்கா வந்தீங்க?"

"எது கெடக்குதோ அதுல. ரெண்டாம் நம்பர்ல யாராவது உக்காந்திருப்பாங்க. முக்கால்வாசி நாள் இன்ஜின் பெட்டி மேலதான். டிரைவர் நல்ல பய, ஒரு சாக்க மடிச்சுப் போட்டுக் குடுப்பான்."

"ஏங்கா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"ஒனக்கு எதுக்குச் செரமம்னுதான். கம்ப்யூட்டர்ல ஏத்துனத மாத்துறதுன்னா சும்மாவா? மெயின்லேண்டுக்கு எழுதிப் போட்டு ஆர்டர் வரணுமில்ல. ஆபீஸ் வேலையெல்லாம் அப்படித்தான. நீயே பாவம், ஒரு தடவ செஞ்சு குடுத்த. திரும்பத் திரும்பக் கேட்டா நல்லாருக்குமா?" அந்தப் பக்கம் யாருக்கோ மீதிச் சில்லறை கொடுத்துவிட்டு மறுபடி வந்தார். "ஏன் தம்பி, அத மாத்துறதுக்கு எம்புட்டு நாள் ஆகும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் என்று சொல்லியிருந்தால் இருவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு நிமிஷம்கூட ஆகாதுக்கா" என்றேன்.

தராசுத் தட்டில் ஏதோ விழும் சத்தம் கேட்டது.

"அச்சா" என்றார். பிறகு, "இங்க நல்ல பிஞ்சுக் கத்திரிக்கா வந்திருக்கு தம்பி. நாளைக்குப் பஸ்ல ஒரு பை போட்டு விடட்டுமா?" என்று கேட்டார்.